‘உங்கள் வேகத்தில் படியுங்கள்’ – யாருடைய வேகத்தில்?

இணையவழிப் படிப்புகளின் முதல் பக்கத்தில் தவறாமல் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘உங்கள் வேகத்தில், உங்களுக்கு வசதியான நேரத்தில் படியுங்கள்.’ இதற்குப் பெயர் செல்ஃப்-பேஸ்டு. கேட்பதற்கு எவ்வளவு சனநாயகமாக இருக்கிறது! மணி அடிக்காது. வருகைப் பதிவு இல்லை. பின்வரிசை இல்லை. பெயரையும் ஊரையும் விசாரித்துச் சாதியைத் துழாவும் வாத்தியார் இல்லை. இந்த வாக்கியத்தை எழுதியவருக்குச் சொந்தமாக நேரம் என்று ஒன்று இருந்திருக்கிறது. எனவே எல்லோருக்கும் அது இருக்கும் என்று நம்பிவிட்டார்.

நான் இருப்பது சந்தவாசல். போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் இடையில், ஜவ்வாது மலை அடிவாரம். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற வழி என்றால் வெளியூர்த் தோழர்களுக்குப் புரியும். எங்கள் காலனியில் சிலர் சேர்ந்து மாலையில் படிப்பகம் நடத்துகிறோம். முன்பெல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கும் ஆங்கிலமும்தான் எங்கள் வேலை. இப்போது கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். “அக்கா, ஸ்வயம்ல ஒரு கோர்ஸ் முடிச்சே ஆகணுமாம். எங்க போய் எதை அமுக்கறதுன்னே தெரியல.” பாடம் புரியவில்லை என்று வருகிறவர்கள் குறைவு. பாடம் இருக்கும் இடத்துக்கு வழி தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்த வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். முதலில் மின்னஞ்சல் வேண்டும். பலருக்கு அதைத் தொடங்கிக் கொடுத்தவர் செல்போன் கடைக்காரர். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். மாற்றப் போனால் ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போகும். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார், இரவு எட்டு மணிக்குத்தான் போனை எடுப்பார். அதற்குள் ஓடிபி செத்திருக்கும்.

அதைத் தாண்டினால் ஒரு படிவம். ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’. பல தளங்களில் இரண்டாவது கட்டம் சிவப்பு நட்சத்திரம் போட்டது, நிரப்பாமல் நகர முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. சர்மாவும் சாஸ்திரியும் ரெட்டியும் நாயுடுவும் உட்கார்ந்திருந்த இடத்தைத் தமிழ்நாடு காலி செய்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. படிவம் இன்னும் அதே இடத்தில் கையை நீட்டிக் கேட்கிறது. எங்கள் பிள்ளைகள் அதில் முன்னெழுத்தைப் போடுகிறார்கள், அப்பா பெயரைப் போடுகிறார்கள், ஒருவன் வெறும் புள்ளி வைத்தான். பிறகு சான்றிதழில் உள்ள பெயரும் கல்லூரி அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று அலைய விடுகிறார்கள். சாதிப் பெயர் இல்லாதது நமக்குப் பெருமை. கணினிக்கு அது ‘முழுமையடையாத விவரம்’.

உள்ளே போனால் இரண்டு கதவுகள். பாடத்தில் சேர்வது ஒன்று, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறொன்று. முதலாவது இலவசம். இரண்டாவதற்குத் தனிக் கெடு, தனிக் கட்டணம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் தேர்வுக்கு 1,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பாதி. அந்தப் பாதிக்குச் சாதிச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். முதல் கதவைத் தாண்டியதுமே படிப்பில் சேர்ந்துவிட்டோம் என்று நம்பி, எல்லா வீடியோவையும் பார்த்து முடித்த பிறகு, தேர்வுப் பதிவு முடிந்துவிட்டதைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். மதிப்பெண் கணக்கு இன்னொரு விடுகதை. வார ஒப்படைப்புகளுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு ஒப்படைப்புகளின் சராசரி. 25-க்குக் குறைந்தது 10, 75-க்குக் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஒன்றில் 9 எடுத்து மற்றொன்றில் 70 எடுத்தாலும் சான்றிதழ் வராது. இதெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதித்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில், நாலு தடவை கீழே தள்ளிய பிறகு.

இங்கேதான் ‘உங்கள் வேகம்’ என்ற சொல்லின் பித்தலாட்டம் வெளுக்கிறது. வாராவாரம் ஒப்படைப்புக்குக் கெடு, தேர்வுக்கு ஒரே தேதி. முடிந்துபோன பழைய பாடங்களை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் அதற்குத் தேர்வு இல்லை. அதாவது வேகம் உங்களுடையது என்றால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் வேகம் அவர்களுடையது.

சரி, அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? படிப்பகத்துக்கு வரும் ஒரு தங்கையின் நாளைச் சொல்கிறேன். அம்மா ஷூ கம்பெனி பஸ் பிடிக்க விடியுமுன் கிளம்பிவிடுவார். சமையல், தண்ணீர், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் இவள் தலையில். பிறகு கல்லூரிக்கு பஸ். திரும்பி வர ஆறு மணி. வீட்டில் இருக்கும் ஒரு நல்ல போன் அண்ணனுடையது, அவன் தூங்கிய பிறகுதான் கைக்கு வரும். பெண்பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பார்த்தால் தெருவே கேள்வி கேட்கும். அவளுடைய ‘வசதியான நேரம்’ எது? மலைக்கு மேலே இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அந்த வார ஒப்படைப்பை மறந்துவிட வேண்டியதுதான். யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதை 1977-இல் உலகம் அறிந்துகொண்ட அவதானிப்புகளில் பங்கெடுத்த காவலூர் வானாய்வகம் இதே ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. யுரேனஸ் தெரிகிறது, டவர் கிடைப்பதில்லை.

போன் இருக்கிறதே என்பார்கள். இந்தப் படிப்புகள் மடிக்கணினித் திரையின் அகலத்துக்குச் செய்யப்பட்டவை. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்றின்படி, 2017-18-இல் இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில். ஸ்வயம் தளத்தை ஒன்றிய அரசு தொடங்கி வைத்தது அதற்கு நேராக, 2017 ஜூலை 9 அன்று. வீட்டில் கணினி இல்லாத 95 பேரை வைத்துக்கொண்டு அகன்ற திரைக்கு ஒரு வகுப்பறை கட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் விருப்பப்பட்டுச் சேர்வதாக இருந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழு 2016 விதிகளில் ஸ்வயம் வழியாக 20 விழுக்காடு பாடங்களுக்கு அனுமதி தந்தது. 2021 விதிகளில் அதை 40 ஆக்கியது. ஒரு பருவத்தில் ஐந்து பாடம் என்றால் இரண்டை ஒரு கல்லூரி திரைக்குத் தள்ளிவிடலாம். தள்ளப்பட்டது பாடம் மட்டும்தானா? அந்தப் பாடத்தை நடத்தியிருக்க வேண்டிய ஆசிரியர் பணியிடமும்தான். தமிழ்நாட்டில் ஒரு அரசுக் கல்லூரிப் பணியிடம் என்றால் அதில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின் சுழற்சி இருக்கிறது. அங்கே ஒரு அருந்ததியர் பெண் வரலாம், ஒரு இருளர் இளைஞர் வரலாம். வீடியோவுக்கு இனச்சுழற்சிப் பட்டியல் கிடையாது.

வீடியோவில் இருப்பது யார்? பெரும்பாலும் ஐஐடிப் பேராசிரியர்கள். பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 என்று சட்டம் சொல்லும் விழுக்காட்டின் பக்கத்தில்கூட இல்லாத ஆசிரியர் கூட்டம் அது. 2019-இல் மத்திய கல்வி நிறுவன ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, ஒன்றிய அரசு அமைத்த குழு ஒன்று ஐஐடிகளுக்கு ஆசிரியர் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் சாதி எப்படிக் குடியிருக்கிறது என்பதைச் சென்னை ஐஐடியை வைத்தே அஜந்தா சுப்பிரமணியன் ஒரு புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார். நேரடியாக நம்மை உள்ளே விடாத வகுப்பறை இப்போது வீடியோவாக நம் வீட்டுக்குள் வருகிறது. நம் ஆசிரியர்களின் இடத்தை எடுத்துக்கொண்டு வருகிறது.

இதில் ஒரு கொடூரமான நகைச்சுவையும் உண்டு. 2003-இல் ஐஐடி விரிவுரைகளை ஒளிபரப்பத் தொடங்கப்பட்ட தொலைக்காட்சி அலைவரிசைக்கு ‘ஏகலவ்யா’ என்றே பெயர் வைத்தார்கள். துரோணர் கற்றுத்தர மறுத்ததால் மண் பொம்மையை வைத்துத் தானாகப் படித்த வேடர்குலப் பிள்ளை. பெயர் வைத்தவர்களுக்குக் கதையின் மீதிப் பாதி மறந்துபோயிருக்கும். நமக்கு மறக்கவில்லை. அவன் தன் வேகத்தில் படித்து முடித்ததும்தானே குரு நேரில் வந்தார், கட்டணம் கேட்க.

நம் தோழர்களில் சிலர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. “வகுப்பறைதான் எனக்கு நரகம். ஸ்காலர்ஷிப் வாங்குறவங்கல்லாம் எழுந்திரிங்கன்னு சொல்ற வாத்தியாரைவிட, என் சாதி தெரியாத வீடியோ எவ்வளவோ மேல்” என்றார் ஒரு தம்பி. உண்மை. அப்படி எழுந்து நின்றவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஆனால் சாதி பார்க்கும் வாத்தியாருக்கு மாற்று, சாதி பார்க்காத வாத்தியார். வாத்தியாரே இல்லாத நிலை அல்ல. வீடியோ நம்மை அவமானப்படுத்தாது, சரி. நாம் நான்காவது வாரத்தில் காணாமல் போனாலும் அது கவனிக்காது. ‘ஏம்மா மூணு நாளா வரல’ என்று கேட்க அதற்கு வாய் இல்லை. படிப்பை விட்டு நின்றுவிடுவதற்கு ஒரு நொடி முன்னால் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் எல்லாம்.

இது இந்தியாவுக்கு மட்டுமான நோயும் அல்ல. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. அதற்கு முன்பே, 2013 சனவரியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் உடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணக்குப் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தது. தேர்ச்சி படுமோசமாகி, ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். உடாசிட்டியின் நிறுவனர்களில் ஒருவரான செபாஸ்டியன் துரூன் அந்த ஆண்டு இறுதியில் ஒரு பேட்டியில் சொன்னதன் சாரம் இது: அவர்கள் கடினமான சூழலிலிருந்து வரும் மாணவர்கள், அவர்களுக்கு இந்த ஊடகம் பொருந்தவில்லை. கவனியுங்கள். பொருளைச் செய்தவரே கைவிரித்தார். அதே பொருளை இங்கே யாரிடம் கொண்டுவந்து விற்கிறார்கள்? கடினமான சூழலிலிருந்து வரும் மாணவர்களிடம்.

தோற்றால் பழி யாருக்கு என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இருக்கிறது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தோற்றால் கல்லூரியைக் கேட்கலாம், துறைத்தலைவரைக் கேட்கலாம். ‘உங்கள் வேகத்தில்’ படித்துத் தோற்றால் வேகம் போதாதது நீங்கள்தான். சோம்பேறி, ஆர்வமில்லாதவன், முதல் தலைமுறை, ‘அவங்க அப்படித்தான்’. பழைய வசவுகளை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. முடிக்காமல் நிற்கும் அந்த நீலப் பட்டையே சொல்லிவிடும்.

அம்பேத்கரைக் காட்டி வாயடைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் தெருவிளக்கில் தானே படித்து முன்னேறவில்லையா என்பார்கள். அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். அங்கே அவருக்கு ஜான் டூயி இருந்தார், செலிக்மன் இருந்தார், பெரும் நூலகம் இருந்தது. அவர் உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் அந்த உழைப்புக்குப் பணமும் ஆசிரியரும் நேரமும் வேண்டும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? அதனால்தான் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் ஏழை மாணவர்களுக்காகக் காலையிலேயே வகுப்புகளை வைத்தார். மாணவரின் நாளுக்கு ஏற்றபடி கல்லூரியின் கடிகாரத்தைத் திருப்பினார். 1855-இல் சாவித்திரிபாயும் சோதிராவும் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தியதும் இதே கணக்குதான்.

தமிழ்நாடு அரசுக்கும் இது தெரியாததல்ல. கொரோனாவில் திரை வழிக் கல்வி பிள்ளைகளைக் கைவிட்டது என்பதால்தானே 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி, தெருத் தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்பியது? அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது தனிச் சண்டை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அரசு, அதே தெருவின் கல்லூரிப் பிள்ளைக்கு இணைப்பு மட்டும் போதும் என்று எப்படி முடிவு செய்தது?

நான் இணையப் படிப்புக்கு எதிரி இல்லை. என்பிடெல்லில் உள்ள சில கணித விரிவுரைகள் பொக்கிஷம். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் இருந்தால். அந்த ஆளைத்தான் கேட்கிறேன். ஒரு கல்லூரி ஸ்வயம் பாடத்தைக் கட்டாயமாக்கினால் அதற்குக் கால அட்டவணையில் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்கட்டும், கணினி அறையை மாலை ஏழு வரை திறந்து வைக்கட்டும், தேர்வுக் கட்டணத்தைத் தானே கட்டட்டும். அந்தப் பாடத்துக்குப் பெயர் குறிப்பிட்டு ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, அதை அவருடைய பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கட்டும். அந்தப் பணியிடம் இனச்சுழற்சியில் நிரப்பப்பட்டதாக இருக்கட்டும். கௌரவ விரிவுரையாளரின் தலையில் கூடுதல் மூட்டையாகக் கட்டக்கூடாது.

ஜூலைப் பருவத்துக்கான பதிவு வரும்போது உங்கள் கல்லூரியில் சுற்றறிக்கை ஒட்டுவார்கள். பெயர் கொடுப்பதற்கு முன், நாலைந்து பேராகச் சேர்ந்து போய்த் துறைத்தலைவரிடம் கேளுங்கள்: எங்களுக்கு எந்த மணி நேரம், எந்த அறை, எந்த ஆசிரியர்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் படிப்பகப் பிள்ளைகள் ஐந்து பேர் போன பருவத்தில் அப்படித்தான் ஒரு மனு கொடுத்தார்கள். கணினி அறை சனிக்கிழமைகளில் திறக்கப்படுகிறது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.