சிம்பிள்தான்... ஆனா ஈஸி இல்ல!

"சிம்பிள் வேலைதாங்க, ஈஸியா முடிச்சிடலாம்!" இந்த ரெண்டு வார்த்தையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். தினமும் காலையில் அரை மணி நேரம் நடப்பது, மாதாமாதம் கொஞ்சம் பணம் சேர்ப்பது, ராத்திரி பத்து மணிக்கு போனை ஓரமாக வைப்பது... எல்லாமே சிம்பிள்தான். ஈஸியா? முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்!

சிம்பிள் என்பது வேலையைப் பற்றியது: படிகள் குறைவு, குழப்பம் இல்லை. ஈஸி என்பது அதைச் செய்பவர் படும் பாட்டைப் பற்றியது. ரெண்டும் எவ்வளவு வேறு என்பதற்கு நம்ம மதுரையிலேயே ஒரு கதை இருக்கிறது.

கண்புரை தெரியும்தானே? கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்கிப்போகிறது. அதை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பிவிடும். கைதேர்ந்த டாக்டருக்குச் சில நிமிட வேலை. ஆனாலும் இந்தியாவில் பார்வை இழப்புக்கு முதல் காரணம் இன்றும் கண்புரைதான்.

1976-ல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, குடும்பத்தினரோடு சேர்ந்து மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு வீட்டில் வெறும் 11 படுக்கைகள். அவருடைய திட்டத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்: பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும், அந்த வருமானத்தில் முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்போம்.

சிம்பிள். இப்போது அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்.

முதலில் அவருடைய கைகள். முப்பது வயதுவாக்கில் வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பிரசவ மருத்துவராக நினைத்தவர் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்.

அடுத்தது நேரம். டாக்டர்கள் கொஞ்சம் பேர், நோயாளிகளோ கூட்டம் கூட்டமாக. அதனால் ஒரு டாக்டருக்கு ரெண்டு ஆபரேஷன் டேபிள் போட்டார்கள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொருவர் தயாராக இருப்பார். இதற்காக கிராமத்துப் பெண்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள்.

பிறகு லென்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். இலவசமாகக் கொடுத்தால் கட்டுப்படி ஆகாது. எனவே 1992-ல் 'அரோலேப்' என்ற பெயரில் மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஆச்சர்யம். ஊரில் முகாம் போட்டு, 'ஆபரேஷன் இலவசம்' என்று சொல்லியும் பலர் வரவில்லை! விசாரித்தால் காரணம் புரிந்தது. பஸ்ஸுக்குக் காசு வேண்டும், சாப்பாட்டுக்குச் செலவாகும், கூட வருபவருக்கும் அன்றைய கூலி போகும். இலவசமானாலும் அவர்களுக்கு அது சுலபமாக இல்லை. அதன்பிறகு, முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துவந்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். சிகிச்சை அதேதான். அதை அடையும் வழியைத்தான் சுலபமாக்கினார்கள்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார். அந்த 11 படுக்கைகள் இன்று தமிழகம், புதுச்சேரி, ஆந்திரா என்று பல மருத்துவமனைகளாகப் பரவியிருக்கின்றன.

நம் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. "பாட்டி, பத்து நிமிஷ ஆபரேஷன், சிம்பிள்! ஏன் பயப்படுறீங்க?" என்கிறோம். பாட்டி பிடிவாதம் பிடிக்கிறார் என்று கோபமும் வருகிறது. பாட்டிக்குப் பயம் ஆபரேஷனைப் பற்றி மட்டும்தானா? யார் லீவு போட்டுக் கூட்டிப்போவார்கள், வாரக்கணக்கில் வேளை தவறாமல் யார் சொட்டு மருந்து போட்டுவிடுவார்கள், அடுப்படியை யார் பார்ப்பார்கள் என்றுகூட யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அதனால், "சிம்பிள்தானே, ஏன் செய்யல?" என்று அடுத்தமுறை வாய் வரை வரும்போது, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: "இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"

பதிலில் பாதி வேலை நம்முடையதாக இருக்கலாம்.