முகக்குறியும் வைத்தியமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் மக்கள் சொல்லிக் கொள்ளுகிறார்கள். அழகு தெரிகிறதோ இல்லையோ, வியாதி சில சமயம் தெரியத்தான் செய்கிறது. இதை நாம் மறுக்கவில்லை. கண் மஞ்சளித்தவனைப் பார்த்துக் காமாலை என்று சொல்ல எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை. பாலவனத்தத்துக் கிழவி ஒருத்தி போதும். ஆனால், குறியைக் கண்டவன் காரணத்தையும் கண்டுவிட்டதாகச் சொல்லும்போதுதான் புரட்டு ஆரம்பிக்கிறது.

நமது சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்து வியாதியை அறிய வேண்டும் என்பது அதன் விதி. 1964ல் பாளையங்கோட்டையில் ஏற்பட்ட சர்க்கார் சித்த வைத்தியக் கல்லூரியிலும் இது பாடமாகும். ரத்தத்தைப் பரீட்சை செய்யக் கருவி இல்லாத காலத்தில், கண்ணையும் கையையும் கொண்டு இவ்வளவு தூரம் கவனித்தவர்களிடம் நமக்கு மரியாதையே உண்டு. ஆனால் அவர்கள் காரணம் சொல்லப் புகுந்தபோது, கறுத்தால் வாதம், மஞ்சளித்தால் பித்தம், வெளுத்தால் கபம் என்று எழுதி வைத்தார்கள்.

சீன வைத்தியர்களும் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் வெளுப்பு நுரையீரலைச் சேர்ந்தது. மஞ்சள் மண்ணீரலைச் சேர்ந்தது. கறுப்பு சிறுநீரகத்தைச் சேர்ந்தது. ஜப்பான் தேசத்தில் விரலால் அழுத்திச் செய்யும் ஷியாட்சு என்னும் சிகிச்சைக்காரர்களில் பலரும் இதைக் கைக்கொண்டு, நெற்றி, மூக்கு, கன்னம் என்று முகத்தைப் பங்கு பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பங்கைப் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முகம் வெளுத்த ஒரு பெண்ணை நம் நாட்டு வைத்தியர் கபம் என்கிறார். சீன வைத்தியர் நுரையீரல் என்கிறார். ஊர்ப் பூசாரி பேயடித்தது என்கிறான். மூவரும் கண்டது ஒன்று, சொன்னது மூன்று. முகம் ஒன்றாயிருக்க, காரணம் மட்டும் தேசத்துக்கு ஒன்றாக இருக்க முடியுமா என்று கேட்கின்றோம். ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சீனாவிலும் பாலவனத்தத்திலும் ஒரே கணக்குத்தான் வருகிறது.

அந்தக் கணக்கு என்னவென்றால், 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே காரணம். மாதவிலக்கில் போகும் ரத்தம், அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலில் நடக்கும்போது மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் கொக்கிப்புழு, எல்லோரும் தின்றபின் சட்டியில் மிஞ்சியதைத் தின்னும் வழக்கம் ஆகிய இவைகள்தான் அந்தப் பேய்! கர்ப்பிணிக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7க்குக் குறைந்தால் கடுஞ்சோகை. கடுஞ்சோகைக்காரிக்குப் பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கும் ரத்தப்போக்கே உயிருக்கு உலையாகிவிடும்.

அன்றியும், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் வெயிலில் காட்டுவேலை செய்து கறுத்த பெண்களுக்கு முகத்தில் வெளுப்பே தெரியாது. கீழிமையை இழுத்து உட்புறத்தையும், நாக்கையும், உள்ளங்கையையும் பார்க்கவேண்டும். அதிலும் கடுஞ்சோகைதான் தெரியுமே ஒழிய, இலேசான சோகை தப்பிவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள் நெற்றியையும் மூக்கையும் மச்சத்தையும் பார்த்து இவள் மாமியாருக்கு ஆவாளா என்று லட்சணம் சொல்லுகிறார்களே தவிர, எவனாவது கீழிமையைப் பார்த்தானா? முகம் வாடினால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதும், கயிறு கட்டுவதும், பூசாரிக்குக் கோழி கொடுப்பதுமாய் இருக்கிறார்கள். அந்தக் கோழியை அவளுக்கே சமைத்துக் கொடுத்திருந்தாலாவது கொஞ்சம் ரத்தம் ஊறியிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரீட்சைக்குக் காசு இல்லை. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் இனாமாகவே கொடுக்கிறார்கள். 180 நாட்களுக்குக் குறையாமல் சாப்பிடவேண்டும். காப்பி, தேத்தண்ணீருடன் சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். நிறுத்த வேண்டியதில்லை. எண்வகைத் தேர்வில் மலமும் ஒன்றாகையால், அந்தக் கறுப்பைப் பார்த்து யாராவது புதிதாக ஒரு வியாதியைச் சொல்ல வந்தால், மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.