கீஸரும் உவர்நீரும்

வேம்பார் போன்ற கடலோர ஊர்களில் உவர்நீர் புகும் கீஸர் விரைவில் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். எஃகுத் தொட்டியுள்ள கீஸர்கள் பெரும்பாலானவற்றில் மக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. 1824-இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் செப்புத் தகட்டுடன் இரும்பை இணைத்துக் காத்த வழியும் இதுவே. (கடலோடிகளின் மக்களுக்கு இது விளங்காதா என்ன!) ஆண்டுக்கொருமுறை பணியாளரை அழைத்து, கரைந்த கம்பியை மாற்றி, சூடேற்றியில் படிந்த சுண்ணாம்பையும் நீக்கச் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் அஞ்சுங்கள். நீர் சூடாகையில் பாதுகாப்பு வால்வு சில துளிகள் சொட்டும். "வீணாகிறதே" என்று அதனைச் சிலர் அடைத்துவிடுகின்றனர். தெர்மோஸ்டாட்டும் பழுதானால் பெருகும் அழுத்தத்துக்கு வழியேது? தொட்டியே வெடித்துவிடும். எங்கள் வீட்டு வால்விலும் ஒரு மரக்கட்டை செருகப்பட்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறியபின் அதைப் பிடுங்கி எறிந்தேன். இப்போது அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறோம்.