யாரென்று பார்க்காமல் வெடிக்கும் துவக்கு

2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு, புதுக்கடை நீதிமன்றத்துக்குள் வைத்தே ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தனது அலுவலகத்தில் சுடப்பட்டு உயிரிழந்தார். அதன் பிறகு, செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: "பொலிஸ் வந்து சேர முதல் எல்லாம் முடிஞ்சிடும். லைசன்ஸ் எடுத்து வீட்டில ஒரு துவக்கு வைச்சிருந்தா என்ன?"

இலங்கையில் அது இலகுவான காரியமல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த துவக்குகளைக்கூட 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. இருந்தும் கேள்வி நியாயமானது. பயத்தோடு தூங்கும் ஒரு குடும்பத்திடம் சட்டத்தை மட்டும் காட்டி வாயடைக்க முடியாது. ஆகவே, இந்த வழியில் நெடுந்தூரம் போய்ப் பார்த்த ஒரு நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம்.

சொட்கன் மீதான நம்பிக்கை

அமெரிக்காவில் வீட்டில் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமை என்பதை 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. பியூ ஆய்வு நிலையம் 2023இல் நடத்திய கருத்துக்கணிப்பில், துவக்கு வைத்திருப்போரில் 72 வீதமானோர் பாதுகாப்பே அதற்கான முக்கிய காரணம் என்றனர். அதே ஆண்டுகளில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் குரல் கொடுத்துவந்த ஜோ பைடனும், 2013இல் துணை ஜனாதிபதியாக இருந்தபோது, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு சொட்கன் வாங்குங்கள் என்றுதான் ஆலோசனை சொன்னார். ஆபத்து வந்தால் மேல்மாடத்துக்கு வந்து இரண்டு வெடி வைக்கும்படி தன் மனைவியிடம் கூறியிருப்பதாகவும் சொன்னார்.

சொட்கன் என்பது நம்மூர் வேட்டைத் துவக்கின் இனம்தான். ஒரு தோட்டாவுக்குள் பல சன்னங்கள் இருக்கும். அதனால் 'குறி பார்க்கத் தேவையில்லை, அந்தப் பக்கம் நீட்டினாலே போதும்' என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இது பிழை. ஓர் அறையின் நீளத்துக்குள் சன்னங்கள் உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிதாக விரிவதில்லை. குறி தப்பினால் தப்பியதுதான். பெரிய சன்னங்கள் அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்களைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே படுத்திருப்பது பிள்ளையாகவும் இருக்கலாம்.

பயிற்சி சொல்லித் தராதது

இது பற்றிய அமெரிக்கக் காணொளிகள் பலவற்றைப் பார்த்தேன். 12 போரா 20 போரா, தோளில் எப்படி அணைப்பது, பின்னுதைப்பை எப்படித் தாங்குவது, இருட்டில் எப்படித் தோட்டா போடுவது என்று எல்லாம் விளக்கமாகச் சொல்கிறார்கள். நல்ல பயிற்றுநர்கள் துவக்கில் மின்விளக்குப் பொருத்தச் சொல்கிறார்கள். இலக்கு எது, அதற்குப் பின்னால் யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதே என்கிறார்கள். ஆனால் பயிற்சித் திடலில் நிற்பது மனித உருவக் கடதாசி. அது எதிரி என்பது அங்கே முன்னரே முடிவாகிவிட்டது. நள்ளிரவில் கதவைத் தட்டுபவர் அப்படி முடிவாகி வருவதில்லை.

2013 நவம்பர் 2ஆம் திகதி அதிகாலை, மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் ஹைட்ஸ் நகரில் ஒரு வீட்டுக் கதவை 19 வயதுக் கறுப்பின யுவதி தட்டினார். சில மணித்தியாலங்களுக்கு முன்னர் அவரது கார் விபத்துக்குள்ளாகியிருந்தது. வீட்டுக்காரர் 12 போர் சொட்கனால் முகத்தில் சுட்டார். 2023 ஏப்ரலில் நியூயோர்க் மாநிலத்தின் ஹீப்ரன் என்ற கிராமத்தில், நண்பர் ஒருவரின் வீட்டைத் தேடி வழி தவறிய இளைஞர் குழு வேறொரு வீட்டு வளவுக்குள் நுழைந்து, வாகனங்களைத் திருப்பிக்கொண்டிருந்தது. அங்கேயும் சொட்கன் வெடித்தது. 20 வயது யுவதி இறந்தார்.

இரண்டு வீட்டுக்காரர்களுமே பயந்துபோய் இருந்ததாக நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. இரண்டு ஜூரிகளுமே அதை ஏற்கவில்லை. இருவரும் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளிகள். ஹீப்ரன் வழக்கில் 25 ஆண்டு முதல் ஆயுட்காலம் வரை தண்டனை. பயம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் வெளியே நின்றவர்களால் ஆபத்து எதுவும் இருக்கவில்லை.

வீட்டுக்குள்ளே இருப்பவர்களின் கதை இன்னொன்று. கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வோரைப் பற்றிய கலிபோர்னிய ஆய்வொன்று 2022இல் வெளியானது. துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்வோரைவிட அவர்கள் கொலையாகும் வீதம் இரண்டு மடங்குக்கும் அதிகம். வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் வீதம் ஏழு மடங்கு. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இது சொட்கன் பற்றிய ஆய்வல்ல. ஆனால் சண்டை பிடிக்கும் வீட்டில் எட்டும் தூரத்தில் எந்தத் துவக்கு இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

நமக்குத் தெரிந்த பாடம்

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காட்டுப்பன்றிக்கென்று கட்டப்படும் கட்டுத்துவக்கு, விறகு பொறுக்கப் போனவரின் காலையும், மாடு தேடிப் போனவரின் காலையும் சிதைத்த செய்திகளை ஆண்டாண்டாக வாசிக்கிறோம். கயிறு இழுபட்டால் அது வெடிக்கும். யார் வருகிறார் என்று பார்க்காது. அதனால்தான் அது சட்டவிரோதம். இருட்டில், அரைத்தூக்கத்தில், பயத்தில் நிற்கும் மனிதரின் கையிலுள்ள துவக்கும் கட்டுத்துவக்காக மாறிவிடுகிறது என்பதுதான் அமெரிக்க வழக்குகள் சொல்லும் செய்தி.

நமது தண்டனைச் சட்டக்கோவை தற்பாதுகாப்பு உரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய அது இடம் தருவதில்லை. அந்தத் தேவையின் அளவை ஒரு நொடிக்குள் கணிக்க, நன்றாகப் பயிற்சி பெற்ற பொலிஸாரே பல தடவை தவறுகிறார்கள்.

துவக்குக் கேட்பவர்களின் பயத்துக்குப் பதில் வேண்டும். அழைத்தால் தாமதமின்றி வரும் பொலிஸ், முறைப்பாட்டைத் தமிழிலேயே ஏற்கும் நிலையம், எரியும் வீதிவிளக்கு, உயிரச்சுறுத்தல் என்று எழுதிக் கொடுத்தவரின் கடிதத்தைக் கோப்பில் தூங்கவிடாத அதிகாரி: இவற்றைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும். இவை கிடைக்காத இடத்தில்தான் துவக்கு தீர்வாகத் தெரிகிறது. அப்படிக் கிடைக்கும் துவக்கின் முன்னால் ஒருநாள் நிற்கப்போவது, இரவு பிந்தி வீடு திரும்பும் நம் மகனாகவும் இருக்கலாம்.