ஆடுகளமும் வகுப்பறையே

தமிழ்த்துறை மலரில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், கற்பித்தல் நிகழும் இடமெல்லாம் நமக்குரிய இடமென்று கருதுபவன் நான். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பல்லாண்டுகளாகக் கண்டு சுவைத்து வருபவன் என்ற உரிமையிலும், வகுப்பறையில் நின்று பழகியவன் என்ற உரிமையிலும் சில கருத்துகளை இங்கு முன்வைக்கிறேன்.

இவ்விளையாட்டின் பிறப்பே ஒரு வகுப்பறைச் சிக்கலில்தான் தொடங்குகிறது. 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித்திடம் அடங்காத வகுப்பொன்று ஒப்படைக்கப்பட்டது. பனிக்காலமாதலால் வெளியில் ஆட வழியில்லை. அரங்கினுள் செய்யும் உடற்பயிற்சிகளிலோ மாணவர்க்கு நாட்டமில்லை. அவர்களைத் தண்டிக்கும் வழியைத் தேடாமல், அவர்கள் விரும்பிச் செய்யக்கூடிய ஒன்றைத் தேடினார் நைஸ்மித். பீச் பழக்கூடைகள் இரண்டை அரங்கின் மாடக் கைப்பிடியில் அடித்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார் என்பது நமக்கும் அவ்வூருக்கும் உள்ள தொடர்பு.

ஒரு மாணவர் கூட்டத்தை அடக்க முயன்ற ஆசிரியர்க்கும், அவர்களை ஈர்க்க முயன்ற ஆசிரியர்க்கும் இடையே உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

அடி நினைவிருக்கிறது, பாடம் நினைவில்லை

பள்ளியில் பயின்ற நாளில் எங்கள் ஊரில் நடைபெற்ற ஓர் ஆட்டத்தில் நான் எறிந்த பந்து எதிரணியாரின் கைக்குப் போயிற்று. இடைவேளையில் எங்களுக்குப் பயிற்சியளித்தவர் ஊரார் பார்க்க என் கன்னத்தில் அறைந்தார். அந்த அறை இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பந்தை எவ்வாறு எறிந்திருக்க வேண்டும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை. அவர்மீது எனக்குப் பகையில்லை. அவர் காலத்தில் அதுவே பயிற்சி எனப்பட்டது. நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பி, சினந்து சீறும் பயிற்றுநர்களைக் கண்டால் கைதட்டி மகிழ்ந்தேன்.

அந்த நம்பிக்கையை மாற்றியவர் ஜான் வுடன்.

காலுறையில் தொடங்கிய கல்வி

1910இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த வுடன், பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்றுநரானார். 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை அவர் அணி தேசிய வாகை சூடியது; அவற்றுள் ஏழு, 1967 தொடங்கித் தொடர்ச்சியாகப் பெற்றவை. 1971 முதல் 1974 வரை 88 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை.

இத்தகைய பயிற்றுநர் ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளில் கற்பித்த முதற்பாடம் யாது? காலுறை அணிவது. காலுறையில் மடிப்பு விழுந்தால் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தால் பயிற்சி தவறும். பயிற்சி தவறினால் ஆட்டம் தவறும். நாட்டிலேயே தலைசிறந்த இளைஞர்களை அமரவைத்து, விரல் நுனியிலிருந்து குதிகால் வரை மடிப்பின்றிக் காலுறையை இழுத்துவிடக் கற்றுக்கொடுத்தார். பெரிய வெற்றிகள் அன்றாடச் சிறு செயல்களால் ஆனவை என்பதை அவர் சொல்லிக் காட்டியதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். தொடக்கக் காலத்தில் அவர் அணிக்கெனத் தனி அரங்கம் இல்லை. பிற விளையாட்டினரும் பயன்படுத்திய கூடத்தின் தரையைப் பயிற்சிக்கு முன் அவரே துடைத்திருக்கிறார்.

1974-75ஆம் பருவத்தில் ரொனால்டு கல்லிமோர், ரோலண்டு தார்ப் என்னும் உளவியல் அறிஞர் இருவர் வுடனின் பயிற்சிகளைப் பதினைந்து நாள் அமர்ந்து கவனித்து, அவருடைய கற்பித்தற் செயல்கள் 2,326ஐக் குறித்துக்கொண்டனர். அவற்றுள் ஏறத்தாழ எழுபத்தைந்து விழுக்காடு செய்தியும் அறிவுரையுமே: எதைச் செய்வது, எவ்வாறு செய்வது, எப்போது செய்வது. புகழ்ச்சி ஏழு விழுக்காட்டளவு. வெறும் கண்டனமும் ஏறத்தாழ அவ்வளவே. ஒருவன் தவறினால் சரியான முறையைச் செய்துகாட்டுவார். அவன் செய்த முறையைச் செய்துகாட்டுவார். மீண்டும் சரியான முறையைச் செய்துகாட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடியும். பின் ஆட்டம் தொடரும். இதற்காக அவர் ஒவ்வொரு நாளும் உதவிப் பயிற்றுநர்களுடன் அமர்ந்து, பயிற்சியை நிமிடக் கணக்கில் வகுத்துச் சிறு அட்டையில் எழுதிக்கொண்டு வருவார்.

இதைப் படித்த அன்று எனக்கு என் பள்ளிக்கால ஆட்டம் நினைவுக்கு வந்தது. யாரேனும் ஒருவர் மூன்று நொடி செலவிட்டு அந்தப் பந்தை எறியும் முறையைக் காட்டியிருந்தால் போதுமே என்று எண்ணினேன்.

வுடன் குறையே இல்லாதவர் என்று நான் வாதிடவில்லை. அவர் காலத்து ஆட்டக்காரர் சிலர்க்குச் செல்வர் ஒருவர் விதிக்கு மாறான சலுகைகள் அளித்தார் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. அதை அவர் மேலும் கூர்ந்து நோக்கியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எனினும் அவர் கற்பித்த முறையின் சிறப்பு அதனால் குன்றிவிடாது.

சினமும் வென்றதே?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "சினந்தவர்களும் வென்றிருக்கிறார்களே?" என்பர். ஆம், வென்றிருக்கிறார்கள். இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் பாப் நைட் மூன்று முறை தேசிய வாகை சூடினார். 1976இல் அவர் அணி 32 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. அதன்பின் 2025 வரை ஆடவர் முதற்பிரிவில் வேறெந்த அணியும் அவ்வாறு பருவத்தை முடிக்கவில்லை. அதே நைட் 1985 பிப்ரவரியில் நடுவர் மீது கொண்ட சினத்தால் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கிக் களத்தில் எறிந்தார். பயிற்சியின்போது ஆட்டக்காரர் ஒருவரின் கழுத்தில் அவர் கைவைத்த 1997ஆம் ஆண்டுக் காட்சி பின்னர் வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

நைட் ஆட்ட நுட்பத்தில் பேரறிஞர். ஐவரும் இடைவிடாது இடம் மாறித் தாக்கும் முறையை அவரிடமிருந்து கற்றவர் பலர். அவர் வென்றது அந்த அறிவால், நாற்காலியால் அன்று. ஆனால் அவரைப் பின்பற்றப் புறப்பட்ட சிறு பயிற்றுநர் பலர்க்கு அறிவை அடைவது அரிதாயிருந்தது. நாற்காலியோ எளிதில் கைக்கு அகப்பட்டது. ஒரு பெரியவரின் குறையைப் பயில்வது அவருடைய நிறையைப் பயில்வதைவிட எப்போதும் எளிது.

கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டென்னசிப் பல்கலைக்கழக மகளிர் அணியின் பேட் சம்மிட்டைவிடக் கண்டிப்பானவரைக் காண்பது அரிது. அவருடைய கூரிய பார்வைக்கு அஞ்சாத மாணவி இல்லை. 1974இல் இருபத்திரண்டு வயதில் பொறுப்பேற்றபோது அணியின் சீருடைகளைத் துவைத்ததும் அவரே, வண்டியை ஓட்டியதும் அவரே. 38 ஆண்டுகளில் 1,098 வெற்றிகளும் எட்டு வாகைகளும் பெற்றார். அவரிடம் ஆட்டக் காலத்தை முழுமையாக முடித்த மாணவியர் அனைவரும் பட்டமும் பெற்றனர். இவ்வெற்றிப் பட்டியலில் நான் முதலிடம் அளிப்பது இறுதியில் சொன்ன செய்திக்கே.

காத்திருக்கும் பண்பு

சுவைஞர்களாகிய எங்கள் மீதும் குற்றமுண்டு. எங்களுக்குப் பொறுமையில்லை. வுடன் முதல் வாகை சூடியது அவருடைய பதினாறாம் பருவத்தில். டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷெஷெவ்ஸ்கி முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றியும் 47 தோல்வியும் கண்டார். அவரை நீக்குமாறு குரல்கள் எழுந்தன. நிர்வாகம் அசையாமல் அவருக்கு மேலும் காலம் அளித்தது. 2022இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் ஐந்து வாகைகள் இருந்தன. வட கரோலினாவின் டீன் ஸ்மித்தை, 1965இல் ஒரு தோல்விக்குப்பின், அவருடைய மாணவரே கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டனர். அவரோ 1997 வரை அங்கேயே பணியாற்றி 879 வெற்றிகளுடன் விடைபெற்றார்.

ஸ்மித் கற்பித்த வழக்கம் ஒன்று என் உள்ளத்தைக் கவர்ந்தது. கூடையில் பந்து போட்டவன், தனக்குப் பந்து தந்தவனை நோக்கி விரல் சுட்ட வேண்டும். கரவொலி எழும் அந்நொடியிலேயே நன்றி கூறிவிட வேண்டும். 2015இல் அவர் மறைந்தபின் விருப்ப ஆவணத்தைத் திறந்து பார்த்தனர். தம்மிடம் ஆடிய ஏறத்தாழ 180 மாணவர் ஒவ்வொருவர்க்கும் 200 டாலர் எழுதி வைத்திருந்தார், ஒருவேளை நல்ல விருந்துண்ண. தொகை சிறிது. ஆனால் ஒரு பெயரும் விடுபடாத அந்தப் பட்டியலைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் ஓர் ஆசிரியர்க்கு உண்டோ?

ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும்

வுடனின் மாணவருள் தலைசிறந்தவர் லூ அல்சிண்டர். 1967 முதல் 1969 வரை மூன்றாண்டும் தேசிய வாகை அவர் ஆடிய அணிக்கே. 1968இல் இஸ்லாத்தைத் தழுவிய அவர், 1971 முதல் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகறியப்பட்டார். பந்தை மேலிருந்து கூடைக்குள் திணிப்பதைக் கல்லூரி ஆட்டத்தில் 1967இல் தடை செய்தபோது, இத்தடை உன்னை இன்னும் சிறந்த ஆட்டக்காரனாக்கும் என்று வுடன் அவரைத் தேற்றினார். அவ்வாறே, ஒரு கையை உயர்த்திப் பந்தை வளைத்து எறியும் முறையைக் கரீம் செம்மைப்படுத்திக்கொண்டார். தொழில்முறை ஆட்டத்தில் அவர் குவித்த 38,387 புள்ளிகளை 2023 வரை யாரும் கடக்கவில்லை.

ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடைய வெள்ளை ஆசிரியர். இஸ்லாத்தைத் தழுவிய கறுப்பின மாணவர். இவர்கள் நட்பு 2010இல் வுடன் மறையும் வரை நீடித்தது. 2017இல் கரீம் அந்நட்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இதற்கான வித்தை அதற்கும் முன்னரே காணலாம். 1947இல் வுடன் வேறொரு கல்லூரியில் பணியாற்றியபோது, கறுப்பின ஆட்டக்காரர்க்கு இடமில்லை என்ற தேசியப் போட்டியின் அழைப்பை, தம் அணியின் கிளாரன்ஸ் வாக்கர் ஒருவர்க்காக மறுத்தார். மறு ஆண்டு தடை நீங்கியது, வாக்கர் ஆடினார்.

இன்று நாம் கருத வேண்டியது

இன்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் பெருமாற்றம் கண்டிருக்கிறது. 2021 முதல் மாணவர் தம் பெயராலும் உருவாலும் பொருளீட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே அவர்க்குப் பணம் தரலாம். ஆண்டுதோறும் கல்லூரி மாறுவதும் எளிதாயிற்று. பயிற்றுநர் பெருஞ்செல்வம் ஈட்டும்போது, வியர்வை சிந்துபவனும் பொருள் பெறுவதை நான் குறைகூறேன்; அது நீதியே. என் கவலை வேறு. ஓராண்டில் பிரியப்போகும் ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் எப்போது அறிவது? பதினாறு ஆண்டு காத்திருக்க இன்று எந்தக் கல்லூரி துணியும்?

இக்கவலை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆயினும் அடியாத மாடு படியாது என்னும் பழமொழியை நம் நாவு இன்னும் விடவில்லை. படிய வைப்பது மாட்டுக்குப் போதும். மாணவனுக்குப் புரிய வைக்க வேண்டும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உமக்குப் பந்து தந்தவனை நோக்கி விரல் சுட்ட மறவாதீர். ஆசிரியப் பெருமக்களே, ஒருவனைக் கடிந்து பேசும் முன் சரியான முறையை அவனுக்கு ஒருமுறை காட்டினோமா என்று எண்ணிப் பாருங்கள்; இவ்வினாவை என்னை நோக்கியே முதலில் எழுப்புகிறேன். கல்வி நிறுவனங்களைக் கட்டிக் காக்கும் பெரியோர்களே, ஓராண்டுத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரை அளவிடாதீர். கற்பித்தது விளைவதற்குக் காலம் வேண்டும்.

நாற்காலியை எறிய ஒரு நொடி போதும். காலுறையை மடிப்பின்றி அணியக் கற்பிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் தருவோமாக.