தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த பொற்காசு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாதாரா மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் புனேயில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்தார். சிறிய வெல்வெட் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, திறக்குமாறு சைகை காட்டினார். உள்ளே ஒரு பொற்காசு. ஒருபுறம் தேவநாகரியில் ‘ஸ்ரீ ராஜா சிவ’, மறுபுறம் ‘சத்ரபதி’. 1674இல் ராய்கட்டில் நடந்த முடிசூட்டு விழாவையொட்டிச் சிவாஜி வெளியிட்ட ‘ஹொன்’ என்று நம்பி, இணையவழி ஏலம் ஒன்றில் 71,000 ரூபாய்க்கு அதை வாங்கியிருந்தார். ஊர்ப் பொற்கொல்லரிடம் உரைத்துப் பார்த்ததாகவும், தங்கம்தான் என்று அவர் உறுதி கூறியதாகவும் சொன்னார்.

பொற்கொல்லர் பொய் சொல்லவில்லை. தங்கம் தங்கம்தான். காசுதான் பொய்.

உருப்பெருக்கியின் கீழ் எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கித் தெரிந்தன. பரப்பெங்கும் ஊசிமுனை அளவில் குழிகள். விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த மெல்லிய கோடு. வார்ப்பின் பொருத்துவாயை மறைக்கச் செய்த வேலை அது. சிவாஜியின் ஹொன் அச்சுகளுக்கிடையே வைத்துக் கையால் அடிக்கப்பட்ட காசு. அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டதன்று. இன்று எஞ்சியுள்ள உண்மையான ஹொன்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று ஏலத்திற்கு வருமானால் விலை லட்சங்களில்தான் பேசப்படும்; யாரும் அறியாமல் ஒரு புதன்கிழமை இரவு எழுபதாயிரத்தில் முடிந்துபோகாது. இதை அவரிடம் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “விற்றவர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். அவருடைய தாத்தாவின் பெட்டியில் இருந்ததாம்.”

தாத்தாவின் பெட்டியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். இணையவழி ஏலங்களில் ஏமாறாதிருப்பது எப்படி என்று கேட்டு எனக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவின: ஒரு படம், அதன் கீழே “இது அசலா?” என்ற கேள்வி. அந்தக் கேள்வியைவிட முதன்மையானது வேறொன்று என்பது என் கருத்து. இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி இங்கே வந்து சேர்ந்தது? இதைக் கேட்கும் பழக்கம் நம் சேகரிப்பாளர்களிடம் இல்லை. அதனால்தான் மோசடிக்காரர்களுக்கு வேலை இவ்வளவு எளிதாக இருக்கிறது.

போலிகள் பல வகை. ஹொன் போன்ற அரிய காசின் வார்ப்புப் போலி ஒரு வகை. மற்றொரு வகையில் பொருள் உண்மையானது, கதை பொய்யானது. ‘சிவராய்’ எனப்படும் செப்புக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயின் ஜூனா பஜாரில் புதனும் ஞாயிறும் குவியல் குவியலாகக் கிடைப்பவை அவை. சிவாஜியின் பெயர் பொறித்த அந்த வடிவம் அவருக்குப் பின்னரும், பேஷ்வாக்களின் காலம் வரையிலும் அதனைக் கடந்தும் அடிக்கப்பட்டு வந்தது. ஆகவே சிவராய் ஒன்றில் சிவாஜியின் பெயர் இருப்பதனாலேயே அது சிவாஜி காலத்துக் காசு ஆகிவிடாது. ஆனால் இணைய ஏலங்களில் ஒவ்வொரு சிவராயும் “மகாராஜாவின் திருக்கரம் பட்டது” என்ற தொனியில்தான் விற்கப்படுகிறது. காசு அசல் என்பதால் எந்தச் சோதனையிலும் இந்தப் பொய் அகப்படாது.

மூன்றாவது வகை, வரலாற்றில் ஒருபோதும் இல்லாத காசு. ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபுறம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஒன் அணா’. இந்தச் செப்பு வில்லை இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லும் காணொலி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒருமுறையாவது வந்திருக்கும். கம்பெனி ஆட்சிப்பகுதிகள் முழுமைக்குமான சீரான நாணய முறையே 1835இல்தான் வந்தது. அப்போது வெளியான செப்புக்காசுகள் அரையணா, காலணா, பன்னிரண்டில் ஒரு பங்கு அணா ஆகியவை. ஓரணாக் காசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிக்கல் கலந்த உலோகத்தில்தான் புழக்கத்திற்கு வந்தது. ஆகவே 1818ஆம் ஆண்டின் செப்பு ஓரணா என்பது முயற்கொம்பு. கோயில் வாசலில் பக்தியோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய வில்லை அது. அவ்வாறு வாங்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

வெள்ளி ரூபாய்களில் கதை வேறு. 1835 முதல் நூறாண்டுக்கு மேலாக ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. வெள்ளியின் பங்கு ஆயிரத்துக்கு 917. எடையும், நீரில் மூழ்கவைத்துக் காணும் ஒப்படர்த்தியும் (ஏறக்குறைய 10.3) பொருந்தாவிட்டால் காசைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரியது என்பதால், 1938ஆம் ஆண்டுக் காசை எடுத்துக் கடைசி எண்ணை மட்டும் செதுக்கி மாற்றுவார்கள். அங்கே எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும். நான்கு இலக்கங்களில் ஒன்று மட்டும் பொய். அந்த ஓர் இலக்கத்தின் அருகாமைப் படத்தைக் கேளுங்கள். “கேமரா சரியில்லை” என்று பதில் வந்தால், அதுவே பதில்.

இனி என் சொந்தக் கதை. ஆய்வின் இரண்டாம் ஆண்டில், இணைய ஏலம் ஒன்றில் சிவராய் ஒன்றின் படத்தைக் கண்டேன். எழுத்தமைப்பு அதுவரை எந்தப் பட்டியலிலும் பதிவாகாதது. வாங்குவதற்குப் பணமில்லை, படத்தைச் சேமித்துக்கொண்டு, புதிய அச்சு வகை என்று நான்கு பக்கங்கள் எழுதினேன். என் நெறியாளர் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் “எங்கே கிடைத்தது?” என்று மட்டும் எழுதித் தந்தார். எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதங்கள் கழித்து வேறொரு விற்பனையாளர் அதே வகையின் ‘இரண்டாவது காசு’ ஒன்றை ஏலத்திற்கு வைத்தார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் எழுத்துகள் ஒத்திருக்கலாம். ஆனால் கையால் வெட்டிய செப்புத் துண்டின் விளிம்பு வெடிப்பும், காலம் கீறிய கீறலும், தேய்மானமும் ஒத்திருக்க வழியில்லை. அவ்விரண்டிலும் எல்லாம் ஒத்திருந்தன. இரண்டும் ஒரே மூலக்காசிலிருந்து எடுத்த வார்ப்புகள். நான்கு பக்கங்களும் குப்பைக்குப் போயின. அவை அச்சேறியிருந்தால், அடுத்து வரும் மாணவர் ஒருவர் அடிக்குறிப்பில் என்னை மேற்கோள் காட்டியிருப்பார். இல்லாத ஒரு காசு வரலாறாகியிருக்கும். ஏமாந்தவரின் பணத்தோடு ஒரு மோசடி முடிந்துவிடுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காசு உண்மையாகவே பழையதாக இருந்து, “நிலத்தை உழும்போது கிடைத்தது” என்று விற்பவர் பெருமையோடு சொன்னால் என்ன செய்வது? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வெளிநாட்டு நண்பருக்குப் பரிசாக ஒரு விக்டோரியா ரூபாயை அஞ்சலில் அனுப்புவதும் குற்றமே. இதை அறியாத சேகரிப்பாளர்கள் ஏராளம். ஒரு குடத்துக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தால் அவை எந்த ஆண்டில், யாருடைய ஆட்சியில், எதனால் புதைக்கப்பட்டன என்று சொல்ல முடியும். அவை நாற்பது ஏலங்களாகப் பிரிந்து போனால் நாற்பது பளபளப்பான துண்டுகள் மட்டுமே மிஞ்சும்.

இதற்கு வணிகர்கள் சொல்லும் மறுப்பை நான் அறிவேன். பழைய காசுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைமாறிய வரலாறு எழுதப்படவே இல்லை. பழைய பாத்திரக் கடைக்காரரிடமிருந்து மூட்டையாக வாங்கும் சிறு வணிகர் என்ன சொல்ல முடியும்? நியாயமான பேச்சு. ஆனால் அந்த நேர்மையான வணிகர் “மூட்டையில் வந்தது, வேறு தெரியாது” என்றே சொல்கிறார்; நான் அவரிடம் வாங்குவேன். தெரியாது என்று சொல்ல அஞ்சாதவரையும், கேட்பதற்கு முன்பே தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்துபவரையும் ஒன்றாக எண்ண வேண்டியதில்லை. பட்டியலும் விலைச்சீட்டும் வைத்திருக்கும் ஏல நிறுவனங்கள் நம் நாட்டில் உண்டு. இன்று வாங்குபவர் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தினால், இருபது ஆண்டுகள் கழித்து அதுவே அந்தக் காசின் வரலாறு.

ஏலத்தின் உள்வேலைகளைப் பற்றியும் சிறிது. ஊர்ப் பொது ஏலத்தில் “ஒரு தரம், இரண்டு தரம்” என்று கூவும்போது, எதிரே கேட்பவரின் முகமாவது தெரியும். இணையத்தில் தெரிவது புனைபெயர் மட்டுமே. விற்பவரே நண்பர்களின் கணக்குகளைக் கொண்டு விலையை ஏற்றுவது மிகப் பழைய தந்திரம். ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் தோன்றி, எப்போதும் இரண்டாம் இடத்தில் நின்றுவிடும் பெயர்களைக் கவனியுங்கள். நீங்கள் தோற்ற ஏலத்தைத் தொடர்ந்து “வென்றவர் விலகிவிட்டார், தளத்திற்கு வெளியே பணம் அனுப்பினால் குறைத்துத் தருகிறேன்” என்று செய்தி வந்தால், அதை எழுதியவர் பெரும்பாலும் விற்பனையாளரே அல்லர். தளத்தை விட்டு வெளியே சென்ற கணமே, அத்தளம் தரும் பாதுகாப்பும் போய்விடுகிறது. பொருள் வந்தபின் பணம் என்பதும் காப்பு ஆகாது. உறையைப் பிரிக்கும் முன்பே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

விற்பவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள். டிராக்டர் படமுள்ள ஐந்து ரூபாய் நோட்டுக்கும் வைஷ்ணவதேவி உருவம் பொறித்த காசுக்கும் இலட்சங்கள் தருவதாகக் கூறி, பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று தவணை தவணையாகப் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய பரிவர்த்தனைகளில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் தெளிவாக அறிவித்தது. பணம் பெறுவதற்கு யுபிஐயில் இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. இடச் சொல்பவர் பறிக்க வந்தவர். மற்றொன்று: உங்கள் அசல் காசை வாங்கி, “போலி” என்று கூறி, வேறொரு போலியைத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பும் முன் எடையையும், இருபுறத்தையும், குறிப்பாக விளிம்பையும் படமெடுத்து வையுங்கள். உறையிடுவதை வெட்டாமல் காணொலியாக எடுங்கள்.

சட்டம் கைகொடுக்குமா? ஓரளவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள் தளங்களுக்குப் பல கடமைகளை விதிக்கின்றன. ஆனால் தொழிலாக அல்லாமல் தன் சொந்தப் பொருளை எப்போதேனும் விற்கும் தனிமனிதரை அவை கட்டுப்படுத்தா. தாத்தாவின் பெட்டி ஏன் இவ்வளவு அடிக்கடி திறக்கப்படுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம். ஆண்டுக்கு முந்நூறு ‘தாத்தாக் காசுகளை’ விற்பவரைத் தனிமனிதர் என்று தளங்கள் ஏற்றுக்கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. வாங்குபவருக்கு ஆயிரம் அறிவுரை சொல்வதைவிட, விற்பனைப் பக்கத்தில் “எங்கிருந்து பெறப்பட்டது” என்ற ஒரு கட்டத்தைத் தளங்கள் கட்டாயமாக்கினால் போதும். அதில் எழுதும் பொய் ஒவ்வொன்றும் பின்னர் எழுத்து வடிவச் சான்றாகும்.

ஆசிரியரின் விவகாரத்திற்கு வருகிறேன். 1930 என்ற எண்ணில் அன்றே புகார் செய்தோம். ஆனால் பணம் போய் மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. முதல் சில மணி நேரத்திற்குள் அழைத்திருந்தால் கணக்கை முடக்கியிருக்க வாய்ப்புண்டு. விற்றவரின் கணக்கு இப்போது அந்தத் தளத்தில் இல்லை. புறப்படும்போது ஆசிரியர் அந்த வெல்வெட் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. “உன் மாணவர்களுக்குக் காட்டு” என்றார். காசின் உறைமேல் ‘வார்ப்பு, இணைய ஏலம், மூலம் அறியப்படவில்லை’ என்று எழுதி, வாங்கிய நாளையும் விலையையும் குறித்து வைத்திருக்கிறேன்.