வெப்பத்தைக் கட்டிக் குளிரைக் கடனுக்கு வாங்குவதா?

யாழ்ப்பாணத்துச் சீதனப் பேச்சிலே இப்பொழுது ஒரு புதிய பொருள் இடம்பிடித்திருக்கக் காண்கின்றோம். வீடு, வளவு, நகை, ரொக்கம் என்று எழுதிவந்த பட்டியலின் அடியிலே, “மேல்மாடி அறைக்கு ஏசி” என்று ஒரு வரி சேர்கின்றது. எழுதுபவர் பெண்ணின் தகப்பனார். பணம் அனுப்புபவன் கனடாவிலோ பாரிசிலோ பனியில் நின்று வேலை செய்யும் தமையன். குளிரில் நடுங்கி உழைத்த காசு, குளிரை விலைக்கு வாங்கவென்றே கடல் கடந்து வருகின்றது! இதைக் கண்டு சிரிப்பவர் சிரிக்கட்டும். எமக்குக் கணக்குப் பார்க்கவே தோன்றுகின்றது.

கடைக்காரர் சொல்லும் விலை ஒன்று. வீட்டுக்காரர் ஈற்றில் கொடுத்து முடிக்கும் விலை வேறொன்று. இயந்திரத்தின் விலையுடன் 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும் சேர்கின்றது. அதன்பின் பொருத்துபவர் வருகிறார். விலையுடன் தரப்படும் செப்புக் குழாய் சில அடிதான். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அடிக்கும் தனிக்காசு. வெளிப்பெட்டியைத் தாங்க இரும்புத் தாங்கி, நீர் வடிய ஒரு குழாய், மின்மானிப் பலகையிலிருந்து தனியாக இழுக்கும் தடித்த கம்பி, அதற்கொரு பிரேக்கர், மின்னழுத்தம் தாழும் ஊரானால் அதைச் சீராக்க இன்னொரு பெட்டி. வீடு பழையதாயின், இருக்கின்ற வயரிங் இப்பாரத்தைத் தாங்காது என்று மின் வேலைக்காரர் கைவிரிப்பார். இத்தனையும் முடிந்து சுவரையும் துளைத்த பின்னர், பொருத்துபவர் அண்ணாந்து பார்த்து, “ஐயா, கூரைக்குக் கீழே சீலிங் இல்லையே! இந்த அறை குளிராது” என்பார். அப்புறம் சீலிங் அடிக்க வேண்டும். சன்னலுக்கு மேலே காற்றுக்கென விட்ட துவாரங்களைக் கண்ணாடியிட்டு அடைக்க வேண்டும். தகப்பனார் மறுபடியும் தொலைபேசியை எடுக்கின்றார்.

கடற்கரையூரானால் உப்புக் காற்று வெளிப்பெட்டியின் தகடுகளை அரிக்கும். கொழும்பில் கழித்துவிட்ட பழைய இயந்திரம் மலிவாய்க் கிடைக்கின்றதென்று மயங்குவோருக்கும் ஒரு சொல்: அவற்றுட் பல ஆர்-22 என்னும் பழைய வாயுவில் இயங்குபவை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அவ்வாயுவை உலகம் படிப்படியாக ஒழித்துக்கொண்டு வருகின்றது. ஒருமுறை வாயு கசிந்தால் மலிவின் அருமை விளங்கும்.

இவையெல்லாம் ஒருமுறைச் செலவு. மாதச் செலவு என்ன? 12,000 பி.ரி.யு. இயந்திரம் முழுவேகத்தில் ஓடும்பொழுது மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் உண்ணும். இரவில் எட்டு மணி நேரம் வைத்திருந்து, அதிற் பாதி நேரம் அது ஓய்ந்தே கிடந்தாலும், நாளுக்கு 4 அலகு, மாதத்திற்கு 120. இதுவரை 90 அலகுடன் அடக்கமாய் வாழ்ந்த குடும்பம் 210 அலகுக்கு ஏறிவிடுகின்றது. 2025இல் நடைமுறையிலிருந்த கட்டண முறைப்படி 180 அலகைத் தாண்டினால் மிக உயர்ந்த படி. நிலையான மாதக் கட்டணமும் படியோடு சேர்ந்தே ஏறும். கூரை விசிறியோ அதே எட்டு மணி நேரத்திற்கு ஏறத்தாழ அரை அலகுடன் திருப்தி அடைந்துவிடும். மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏறியதை யார் மறந்தார்? 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள். ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். இவ்வாறு ஏறியிறங்கும் கட்டணத்தை நம்பி, தவணைக் கடனில் இயந்திரம் வாங்கும் ஆசிரியரையும் எழுதுவினைஞரையும் நினைத்தே நாம் கவலைப்படுகின்றோம்.

ஆனால் எமது முதல் வழக்கு இயந்திரத்தின் மேலன்று; வீட்டின் மேலேயே தொடுக்கப்படுகின்றது. நம்மவர் கட்டும் புதுவீட்டைப் பாருங்கள்! மேலே தட்டையான கொங்கிறீற் தளம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மனிதன் படுக்கைக்குப் போகும் நேரம் பார்த்து வெப்பத்தை உள்ளே உமிழ்கின்றது. மேற்கு வெயிலுக்கு நேரே பெரிய கண்ணாடிச் சன்னல். விறாந்தை இல்லை, தாழ்வாரம் இல்லை. வாகனம் திரும்ப வேண்டுமென்று முற்றத்து வேம்பு தறிக்கப்பட்டு, நிலமெங்கும் சீமெந்துக் கல் பதிக்கப்படுகின்றது. காற்றை விட்டுக்கொடுத்த கிடுகுவேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில். இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, “வெக்கை தாங்க முடியவில்லை” என்று முறையிடுகின்றோம். அடுத்த வீட்டுக்காரரும் அவ்வாறே கட்டியிருக்கின்றார். அவருடைய வெளிப்பெட்டி நம்முடைய சன்னலை நோக்கி அனல் கக்குகின்றது. நாமும் ஒன்று வாங்க வேண்டியதாகின்றது.

உடனே நாற்சார் வீட்டின் பெருமை பேசப் புறப்படும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். நடுமுற்றமும் சுற்றுத் திண்ணையும் வைத்துக் கட்டியவர்கள் ஊரிலே எத்தனை பேர்? மண்சுவரும் பனையோலையும் குளிர்ச்சிதான். அவை மாரியில் ஒழுகின, கோடையில் தீப்பற்றின. அவ்வாழ்வுக்குத் திரும்புங்கள் என்று எந்த ஏழைக்கும் உபதேசிக்க நாம் வரவில்லை. ஓட்டுக் கூரை, அதன் கீழே காற்று நிற்க இடம்விட்ட சீலிங், நீண்ட இறவாரம், எதிரெதிர்ச் சன்னல், மேற்கே ஒரு மரம்: இவற்றுக்குப் பொறியியற் பட்டமும் தேவையில்லை, வெளிநாட்டுக் காசும் தேவையில்லை. தளம் போட்டே தீருவேன் என்பவர் அதன்மேல் வெள்ளையாவது பூசட்டும்.

இப்படிப்பட்ட வீட்டை அரசாங்கமே நம் தலையில் கட்ட முயன்ற கதை பழங்கதையாகிவிடவில்லை. 2016இல் வடக்குக் கிழக்கின் போரால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா! அதன் பாதிக் காசில் கல்வீடு கட்டலாமே, இந்த வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் எவ்வாறு படுப்பது, பிள்ளை வளர்ந்தால் ஓர் அறையை எவ்வாறு இணைப்பது என்று தமிழ் மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் கேட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அன்று அந்நிய இரும்புப் பெட்டியை வேண்டாம் என்று சரியாகவே சொன்ன நாம், இன்று சொந்தப் பணத்தில் கொங்கிறீற் பெட்டி கட்டி அதற்குள் விரும்பிப் போய் அமர்கின்றோமே, இது என்ன நியாயம்?

கமக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் இறைப்பவர் அந்த அடியை மடியில் தாங்கினார். இந்நாட்டில் மாலை மங்கியதும் மின் தேவை உச்சத்துக்கு ஏறும். அந்நேரம் சூரியத் தகடு உதவாது, எண்ணெய் எரித்தே ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது. அவ்வெண்ணெயின் விலை பட்டினத்து வீட்டுப் பட்டியலோடு நின்றுவிடுமா? எல்லோருடைய கட்டணத்திலும் அது கலக்கின்றது. எண்ணெய் வேறிடத்திலும் கலக்கும் என்பதைச் சுன்னாகத்தார் நன்கு அறிவர். அங்குள்ள மின் நிலையத்தின் கழிவு எண்ணெயால் கிணற்று நீர் கெட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்த்தது. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நன்னீரைத் தவிர வேறு ஆறில்லாத குடாநாட்டில், ஒரு கிணற்றின் பெறுமதி என்ன?

மின்சாரத்தை முற்றும் நம்பலாகாது என்பதையும் நாம் பட்டறிந்தவர்கள். 1990க்குப் பின் ஆண்டுக்கணக்காய் மின்சாரமின்றிப் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கின்றது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை விளக்கணைந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருண்டபொழுது, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்னிலையத்தில் பாய்ந்ததே காரணம் என்றார் அமைச்சர். குரங்கு பாய்ந்தால் நின்றுபோகும் குளிருக்காகச் சன்னலையே சுவராக்கி வைத்திருப்பவர், அன்று என்ன செய்தாரோ!

நோயாளி, முதியோர், பிள்ளைத்தாய்ச்சி ஆகியோருக்குக் குளிர்ந்த அறை தேவையாயின் அதனைக் குறைகூறோம். சித்திரை வெயில் கடுமையாவது உண்மை. அரசினர் வைத்தியசாலையின் விடுதியிலே வேர்த்துக் கிடப்பவருக்கு முதலில் அது கிடைக்கட்டும். 1902இல் வில்லிஸ் கரியர் இவ்வியந்திரத்தை அமைத்ததே நியூயோர்க்கில் ஓர் அச்சகத்துத் தாள் ஈரத்தால் நெளியாதிருக்கத்தான். அச்சடிப்போராகிய நாம் அதன் அருமையை மறுப்பது எங்ஙனம்?

நாம் கேட்பது வேறு. வீட்டு வரைபடத்தை அங்கீகரிப்பவை நம்முடைய மாநகர, நகர, பிரதேச சபைகள். 2025 மே 6ஆந் திகதி நாமே வாக்களித்து அமைத்தவை. மதிலின் உயரத்தையும் மலசலகூடக் குழியின் தூரத்தையும் அளந்து பார்க்கும் அச்சபைகள், படுக்கையறைக்கு எதிர்க்காற்று உண்டா, மேற்குச் சன்னலுக்கு நிழல் உண்டா என்றும் பார்க்கட்டும். வளவின் ஒரு பங்கு சீமெந்து படாமல் இருக்க வேண்டுமென்று உபவிதி செய்யட்டும். வீட்டுதவிப் பணம் வழங்குவோர் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் உரிய தொகையைச் சேர்த்தே வழங்கட்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பிரேரிக்க எந்த உறுப்பினர் முன்வருகின்றார் என்று பார்த்திருப்போம். அவருடைய கட்சி எதுவாயினும் அவர் பெயரை இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.